ஈயமும் இருவினையும்

மட்டக்களப்பு வாவியில் வீசப்படும் வீச்சு வலையின் விளிம்பெங்கும் ஈயக்குண்டுகள் கோக்கப்பட்டிருக்கும். வலை விரிந்து நீரில் விழுந்ததும், இறாலும் மீனும் தப்புமுன் அதன் விளிம்பைச் சேற்றில் படியச் செய்வது அந்தக் குண்டுகளின் பாரம்தான். ஒரு கன சென்ரிமீற்றர் ஈயத்தின் நிறை 11.34 கிராம், இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 327 பாகை செல்சியசில் உருகிவிடுவதால் அதை வார்க்க உலை வேண்டாம், விறகடுப்பே போதும். உப்புத் தண்ணீரில் இரும்பு துருவேறி உதிர்வதுபோல அது உதிர்வதில்லை. நகத்தால் கீறக்கூடிய மென்மை இருப்பதால் கயிற்றைச் சுற்றி நசுக்கிப் பொருத்தவும் முடிகிறது. பாரம், மென்மை, எளிதில் உருகும் இயல்பு ஆகிய மூன்று குணங்களுக்காகவே மனிதர் ஈயத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேடி எடுத்து வந்திருக்கின்றனர். நான்காவது குணம் ஒன்றும் அதற்கு உண்டு. உடலுக்குள் போனால் அது நஞ்சு. (இங்கே பேசப்படுவது காரீயம். பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு உலோகம்.)

அந்த நான்காவது குணம் சமயங்களின் முன் ஒரு பழைய கேள்வியைக் கொண்டுவந்து வைக்கிறது. ஈயம் சடம், அதற்கு அறிவுமில்லை, வினையுமில்லை. வலைக்குக் குண்டு வார்ப்பவர் தம் பிள்ளைகளுக்குச் சோறு போடவே அதை வார்க்கிறார். அந்தப் புகையும் தூளும் அதே பிள்ளைகளின் உடலில் சேர்ந்தால் அந்தத் தீங்கு யாருடைய கணக்கில் சேரும்? அறியாமல் செய்யப்படும் தீங்கு வினையாகுமா? ஈயத்தின் வரலாற்றை அறியாமல் இதற்கு விடை தேட முடியாது. எவர் எப்போது எதை அறிந்திருந்தார் என்பது அந்த வரலாற்றில்தான் பதிவாகியிருக்கிறது.

ஈயம் தனி உலோகமாக நிலத்தில் மிக அரிதாகவே கிடைக்கிறது. அதன் முதன்மைத் தாது கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த, சதுரம் சதுரமாக உடையும், மினுங்கும் சாம்பல் நிறக் கல் அது. அதைக் காற்றோட்டமான நெருப்பில் வறுத்தால் கந்தகம் புகையாகப் போய்விடும். மிஞ்சுவதைக் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் ஈயம் உருகி வழியும். இவ்வளவு எளிதாக வசப்பட்டதால்தான் மனிதர் கையாண்ட முதல் உலோகங்களுள் ஈயமும் ஒன்றானது. ஆயினும் பழங்காலத்தில் பெரும்பாலோர் அதை அதற்காகவே தோண்டவில்லை. கலீனாவில் சிறிதளவு வெள்ளி கலந்திருக்கும். எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் ஈயத்தை உருக்கிக் காற்றை ஊதினால் ஈயம் ஒட்சைட்டாகிக் கிண்ணத்தில் ஊறிப் போகும். அடியில் வெள்ளி மணியாக நிற்கும். வெள்ளியைத் தேடியவர்களுக்கு ஈயம் பக்க விளைவாகக் கிடைத்த பொருள்.

ஏதென்ஸ் நகருக்கு அருகிலுள்ள லவ்ரியோன் சுரங்கங்களில் கி.மு. 483இல் வளமான வெள்ளிப் படிவு வெளிப்பட்டது. அந்த வருவாயில் கட்டப்பட்ட கப்பல்களே கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்றன. அந்தச் சுரங்கங்களின் குறுகிய பொந்துகளில் தவழ்ந்து தாது வெட்டியவர்கள் அடிமைகள். ஏதென்ஸின் மக்களாட்சியைப் போற்றுகிறவர்கள் இவர்களையும் நினைக்க வேண்டும். உரோமப் பேரரசு ஈயத்தைக் குழாயாகவும் கூரைத் தகடாகவும் பாத்திரமாகவும் பயன்படுத்தியது. அதன் உச்ச காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 80,000 தொன் ஈயம் எடுக்கப்பட்டதென ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அந்த உலைகளின் புகை ஆர்க்டிக் வரை போனது. கிறீன்லாந்தின் பனிப்படலங்களில் உரோமர் காலத்து அடுக்குகளில் ஈயத்தின் அளவு இயற்கை அளவைப்போல் நான்கு மடங்காக உயர்ந்திருப்பதை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உரோமர் காலத்திலேயே இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் வித்துருவியஸ், குடிதண்ணீருக்கு ஈயக் குழாயைவிட மண்குழாயே நல்லது என்று எழுதினார். ஈய வேலை செய்பவர்களின் வெளிறிய முகத்தை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிவு இருந்தது. குழாய்களும் தொடர்ந்து பதிக்கப்பட்டன.

இந்தியாவில் இராசத்தானின் சாவர், தரீபா, அகூச்சா ஆகிய இடங்களில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈய, வெள்ளிச் சுரங்கங்களின் தடங்கள் உள்ளன. சாதவாகனர் ஈயத்திலேயே காசு அடித்தனர். எனினும் தென்னாட்டுக்கு வந்த ஈயத்தில் ஒரு பகுதி கடல் வழியே வந்தது. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களுள் செம்பு, வெள்ளீயம், ஈயம் ஆகியவற்றைக் கி.பி. முதலாம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல் வணிகக் கையேடான பெரிப்ளூஸ் குறிப்பிடுகிறது. இந்தியர் மணிகளையும் முத்துகளையும் கொடுத்து ஈயத்தை வாங்குகிறார்கள் என்று உரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதினார். ஈயத்தை வெட்டி எடுக்கும் சுரங்கம் இல்லாத இலங்கையிலும் அது அக்காலத்திலேயே புழங்கியது. தீவின் தென்கரையில் திசமகாராமைக்கு அருகிலுள்ள அக்குறுகொடையில் பிராமி எழுத்துப் பொறித்த சிறிய ஈயக் காசுகள் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் இருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். மட்டக்களப்பில் 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். அவர்களுடைய துப்பாக்கிகளுக்கு வேண்டிய குண்டுகளும் ஈயமே.

சமயம் ஈயத்தை விலக்கி வைக்கவில்லை. பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் என்பதே தமிழ் மரபின் ஐம்பொன். சோழர் காலத்து உலாத் திருமேனிகளை ஆராய்ந்தவர்கள் அவற்றின் செம்பில் வெள்ளீயத்தோடு ஈயமும் கணிசமாகக் கலந்திருப்பதைக் கண்டனர். ஈயம் செம்போடு கரைந்து ஒன்றாவதில்லை. நுண்ணிய துளிகளாகத் தனித்தே நிற்கும். ஆனால் அது சேர்ந்த கலவை இளகி ஓடி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் புகுந்து நிரம்பும். ஆடவல்லானின் விரல் நுனியும் விரிசடையின் நெளிவும் அவ்வளவு துல்லியமாக வார்ப்பில் இறங்கியதில் ஈயத்துக்கும் பங்கு உண்டு. இழிந்த உலோகம், உயர்ந்த உலோகம் என்ற பிரிவு சந்தைக்குரியது. கோயிலில் தூப தீபம் ஏற்கும் திருமேனிக்குள் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

சித்தர் மரபு இன்னும் ஒரு படி மேலே போனது. மட்டமான உலோகத்தைப் பொன்னாக்கும் இரசவாதத்தை அது ஒரு கலையாகவே பயின்றது. சைவ சித்தாந்தம் அதே கலையிலிருந்து தன் மையமான உவமையை எடுத்துக்கொண்டது. செம்பில் களிம்பு எவ்வாறு பிறப்பிலேயே கலந்திருக்கிறதோ, அவ்வாறே உயிரில் ஆணவ மலம் கலந்திருக்கிறது. இரசகுளிகை பட்டதும் களிம்பு நீங்கிச் செம்பு பொன்னாவதுபோல, திருவருள் பட்டதும் உயிர் மலம் நீங்கிச் சிவமாந்தன்மை பெறுகிறது. இந்த உவமையில் களிம்பு எனப்படுவது அறியாமை. சித்தாந்தத்தில் ஆணவம் என்பது செருக்கு மட்டுமல்ல. உயிரின் அறிவை மறைத்து நிற்கும் இருள் அது. அந்த இருளில் நின்று உயிர் செய்வதெல்லாம் நல்வினை, தீவினை என்ற இருவினையாகிப் பிறவிக்கு வித்தாகிறது. அறியாமை இங்கே குற்றத்திலிருந்து தப்புவிக்கும் சமாதானமாகக் கருதப்படவில்லை. அதுவே நீக்கப்பட வேண்டிய நோய்.

இரசவாதிகள் தேடிய மாற்றம் இயற்கையில் வேறொரு விதமாக நடக்கிறது என்பதற்கான சான்று இலங்கை மண்ணிலிருந்தே கிடைத்தது. இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் தோரியம் நிறைந்த ஒரு புதிய கனிமத்தைக் கண்டறிந்தார். அது தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. பின்னாளில் சிவநடனத்தின் தத்துவத்தை உலகுக்கு எடுத்துரைத்தவரும் அவரே. பத்தாண்டுகள் கழித்து, பிரித்தானிய வேதியியலாளர் பிரெடெரிக் சொடி, இலங்கையின் தோரைற்றுக் கனிமத்திலிருந்து பிரித்த ஈயத்தை நிறுத்துப் பார்த்தார். சாதாரண ஈயத்தின் அணு நிறை 207.2; இலங்கை ஈயத்தின் அணு நிறை அதைவிடக் கூடி ஏறக்குறைய 207.7 ஆக இருந்தது. ஒரே மூலகத்தின் அணுக்கள் வெவ்வேறு நிறையுடன் இருக்கலாம் என்ற அவருடைய கருத்தை இந்த அளவீடு உறுதிப்படுத்தியது. அவருக்கு 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. கல்லுக்குள் இருந்த தோரியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து சிதைந்து ஈயமாகி நின்றிருக்கிறது. யுரேனியத்துக்கும் முடிவு ஈயம்தான். அவற்றின் சிதைவு ஓயும் இடம் அது. அதற்குப் பின் மாற்றம் இல்லை. மண்ணுக்குள் இருந்து மேலே எடுக்கப்பட்ட ஈயமும் அப்படியே. அது மக்குவதில்லை, எரிந்தாலும் அழிவதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அச்சுத் தொழிலில் ஈயம் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. வெள்ளீயமும் அந்திமனியும் கலந்த ஈய எழுத்துகளே நூற்றாண்டுக்கணக்கில் நூல்களைத் தந்தன. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1849இல் நிறுவிய அச்சுக்கூடத்தில் சைவ நூல்கள் அவ்வாறுதான் அச்சேறின. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் 1947இல் வெளிவந்ததும் அந்த அச்சுக் காலத்திலேயே. அதே உலோகம் துப்பாக்கிச் சன்னத்தின் உட்கருவாகவும் இருந்தது. கொக்கட்டிச்சோலையில் 1987இலும் 1991இலும் கொல்லப்பட்ட ஊரவர்களையும், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் 1990 ஆகஸ்டில் தொழுகையின்போது கொல்லப்பட்டவர்களையும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் மறக்கவில்லை. அங்கே வினை யாருடையது என்பதில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. சுட்டவருக்குத் தாம் செய்வது தெரியும். அதை எல்லாச் சமயங்களும் ஒரே குரலில் கொலை என்கின்றன. சிக்கல் மற்றப் பயன்களில்தான் தொடங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் ஈயம் வர்ணப்பூச்சிலும் பெற்றோலிலும் பற்றரியிலும் பரவலாகப் பயன்பட்டது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மருத்துவர் லொக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளின் ஈய நோய்க்கு வீட்டு விறாந்தைகளின் வர்ணப்பூச்சே காரணமென 1904இல் எழுதினார். வெள்ளை ஈயப் பூச்சைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1921இல் நிறைவேறியது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் இயந்திரம் தட்டாமல் ஓடும் என்று கண்டார். 1924இல் நியூ ஜேர்சியில் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தனர். 1925இல் கூடிய மாநாட்டில் மருத்துவர் அலிஸ் ஹமில்ரன் எச்சரித்தார். தீங்கு நிரூபிக்கப்படும்வரை விற்பனையை நிறுத்த வேண்டியதில்லை என்ற வாதமே வென்றது. பூமியின் வயதை ஈய அணுக்களைக் கொண்டு 1956இல் கணித்த கிளெயர் பற்றர்சன், தம் ஆய்வுகூடத்திலும் கடலிலும் பனியிலும் எங்கும் மனிதர் விட்ட ஈயமே இருப்பதைக் கண்டு 1965இல் அதை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்துவந்த ஆய்வு நிதி கைவிட்டுப் போனது. 1979இல் ஹேர்பேட் நீடில்மன் குழந்தைகளின் பாற்பற்களில் ஈயத்தை அளந்து, அது கூடியவர்களின் படிப்பும் கவனமும் குறைந்திருப்பதைக் காட்டினார். இந்தியாவில் 2000இலும் இலங்கையில் 2002இலும் ஈயப் பெற்றோல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் நின்றது. எச்சரிக்கைக்கும் நிறுத்தத்துக்கும் இடையில் ஏறக்குறைய நூறாண்டு. இதை அறியாமை என்று சொல்ல முடியாது.

உடலுக்குள் ஈயம் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பில் சேர்ந்து பல்லாண்டுகள் தங்கும். கருவுற்ற தாயின் எலும்பு கரையும்போது பழைய ஈயம் இரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடையும். பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சும். வளரும் மூளைக்கு அது செய்யும் சேதம் திரும்புவதில்லை. எந்த அளவுவரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய எல்லை எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு பிள்ளையின், அதாவது 80 கோடி வரையான பிள்ளைகளின், இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக யுனிசெப் 2020இல் அறிவித்தது.

இனி, அறியாமல் செய்யப்படும் தீங்கு வினையாகுமா என்ற அந்தக் கேள்வி. நைஜீரியாவின் சம்பாரா மாநிலத்தில் 2010இல் 400க்கும் மேற்பட்ட சிறுபிள்ளைகள் ஈய நஞ்சால் இறந்தனர். அவர்களுடைய பெற்றோர் பொன் தேடி வீட்டு முற்றத்தில் கல் இடித்தவர்கள். அந்தக் கல்லில் பொன்னோடு ஈயமும் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. இவர்கள் வினை செய்தவர்களா?

பௌத்தம் எண்ணத்தையே வினை என்கிறது. மச்சிம நிகாயத்தின் உபாலி சுத்தத்தில் சமணத் தலைவரான நிகண்டரின் சீடர் உபாலி உடலாற் செய்வதே பெருந்தீங்கு என்று வாதிட, புத்தர் மனத்தாற் செய்வதே பெரிது என்று நிலைநாட்டுகிறார். அதன்படி சம்பாராப் பெற்றோர்மேல் பழியில்லை. ஆனால் அதே மரபைச் சேர்ந்த மிலிந்த பஞ்ஞாவில் நாகசேனர் வேறொன்றைச் சொல்கிறார். காய்ச்சிய இரும்புக் குண்டை அறியாமல் பிடிப்பவனுக்கே கை அதிகம் வேகும். தெரிந்தவன் பதனமாகத் தொடுவான். ஆகவே அறியாமல் செய்யும் தீங்கே கொடிது என்பது அவர் முடிவு. மேலோட்டமாக முரணாகத் தோன்றும் இந்த இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது, செய்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்கிறது. இரண்டாவது, செயல் எங்கே நிற்கும் என்று கேட்கிறது. தடுக்கும் எண்ணமே இல்லாத தீங்குக்கு நிற்குமிடம் இல்லை.

சமணம் இவற்றுக்கு நடுவே ஒரு கோடு போடுகிறது. தத்துவார்த்த சூத்திரம் ஊறு செய்தலுக்கு இலக்கணம் கூறுகையில் கவனமின்மையை அதன் உள்ளுறுப்பாக வைக்கிறது. கவனத்தோடு நடந்தும் நேர்ந்துவிட்டது வேறு. கவனிக்கக் கூடியதைக் கவனிக்காமல் விட்டது வேறு. இஸ்லாம் செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிக்கப்படும் என்று சொல்லிவிட்டு அத்தோடு நிற்கவில்லை. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவரும் இறந்தவரின் குடும்பத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும், அடிமை ஒருவரை விடுவிக்க வேண்டும், இயலாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பிருக்க வேண்டும் என்று குர்ஆனின் நான்காவது அத்தியாயம் விதிக்கிறது. பாவம் இல்லாத இடத்திலும் பொறுப்பு உண்டு என்ற இந்த வேறுபாடு மிக நுட்பமானது, ஈய விடயத்தில் மிகவும் தேவையானதும்கூட.

சைவ சித்தாந்தத்தின் நிலை இவை எல்லாவற்றையும் விடக் கடுமையானதும் கருணையானதும் ஆகும். அறியாமையில் செய்தது வினையே. ஆனால் அந்த அறியாமையை நீக்கவே இறைவன் உடலும் உலகமும் தந்து ஐந்தொழில் நடத்துகிறான். அறிவு வந்து சேர்வது அருளின் செயல். அப்படி வந்த அறிவைத் தள்ளிவிட்டு முன்போலவே நடப்பது களிம்பு நீங்கிய செம்பில் மீண்டும் களிம்பைத் தேடிப் பூசுவதற்குச் சமம்.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் ஈயத்தின் வரலாற்றில் பழி எங்கே விழுகிறது என்பது தெளிவு. முற்றத்தில் கல் இடித்த தாயின்மேலும் அடுப்பில் குண்டு வார்த்த மீனவர்மேலும் அது விழாது. தெரிந்திருந்தும் விற்றவர்மேல், நிரூபணம் கேட்டே நூறாண்டைக் கடத்தியவர்மேல், எழுத வாசிக்கத் தெரிந்தும் அயலவருக்குச் சொல்லாமல் விட்டவர்மேல் விழுகிறது. அறிவு ஓரிடத்தில் தேங்கி நிற்பதும் கவனமின்மைதான்.

இன்று உலகில் ஆண்டொன்றுக்கு 1 கோடி 20 இலட்சம் தொன்னுக்கு மேல் ஈயம் சுத்திகரிக்கப்படுகிறது. அதில் பாதிக்கு மேல் பழைய ஈயத்தை மீண்டும் உருக்கிப் பெறுவது. பெரும் பங்கு பற்றரிகளுக்கே போகிறது. இலங்கையில் வர்ணப்பூச்சுகளின் ஈய அளவுக்கு 2013 முதல் சட்ட எல்லை உண்டு. பிரித்தானியாவில் அன்னங்கள் விழுங்கி இறந்ததால் சிறிய ஈயத் தூண்டிற் குண்டுகளின் விற்பனை 1987இல் தடைசெய்யப்பட்டது. டென்மார்க் 2002இல் ஈயக் குண்டுகளையே விலக்கியது. வீச்சு வலையை நம்பி வாழும் குடும்பத்திடம் நாளைக்கே ஈயத்தைக் கைவிடச் சொல்வது நியாயமாகாது. மாற்றுப் பாரங்களை மலிவாகக் கொண்டுவந்து சேர்ப்பது அரசும் மீனவர் சங்கங்களும் செய்ய வேண்டிய வேலை. அதுவரை வாவியின் இரு கரையிலும் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பழைய பற்றரியை உடைத்து அதன் தகட்டை உருக்க வேண்டாம். குண்டு வார்ப்பதாயின் குசினியிலும் வளவுக்குள்ளும் வார்க்க வேண்டாம். காற்றுப் போகும் திசையில் வீடு இல்லாத வெளியில் வார்க்கவும். ஈயம் உருக்கிய சட்டியில் ஒருபோதும் சமைக்க வேண்டாம். வலையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிடவும். பிள்ளைகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்தப் புகைக்குக் கிட்ட விடவே வேண்டாம்.